அறுபத்து மூன்றாம் பக்கத்து நிழல்

பேராசிரியர் ஞானதுரை, தன்னிடம் ஆறு வருடமாக ஆராய்ச்சி செய்யும் செண்பகவடிவின் லேப் நோட்டில், எல்லாத் திங்கட்கிழமையும் போடுவது போலவே அந்தத் திங்கட்கிழமையும் காலை பத்தே முக்காலுக்குப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு மூடினார். மூடிய அதே நேரத்தில் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஆற்றங்கரையில் நின்ற ஒரு மருத மரத்தின் நிழல் எழுந்து புறப்பட்டு, மேலப்படுகை ஊரின் ஒரே தெரு வழியாக நடந்து, பாலத்தைத் தாண்டி, டவுன் பஸ் போகிற பாதையிலேயே வந்து, பல்கலைக்கழக வாசலில் காவலாளி பேர் கேட்பதற்குள் உள்ளே நுழைந்து, இயற்பியல் துறையின் முதல் மாடிக்கு ஏறி, வடிவு உட்கார்ந்திருந்த இடத்தில் விரிந்து நின்றது. மரம் வரவில்லை. நிழல் மட்டும்தான் வந்தது. இருபதடிக்கு இருபதடி இருக்கும். நடுவே இலைகளுக்கு இடையில் விழுகிற வெளிச்சப் பொட்டுகளும் கூடவே வந்திருந்தன, அங்கே ஆற்றில் காற்றடித்தால் இங்கே தரையில் அவை அசைந்தன.

துறையின் அட்டெண்டர் கோமதிநாயகம் டியூப்லைட் போய்விட்டதென்று எலெக்ட்ரீசியனுக்குச் சொல்லி அனுப்பினார். எலெக்ட்ரீசியன் வந்தார், ஏணி போட்டு ஏறினார், நல்ல டியூப்லைட்டைக் கழற்றி இன்னொரு நல்ல டியூப்லைட்டை மாட்டினார், இறங்கித் தரையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது லைட்டு ஃபால்ட் இல்ல. மர நெழலுல்லா."

"மரம் எங்க இருக்கு?"

"அது தோட்டக்காரன் வேல. அவங்கிட்ட கேளுங்க" என்று சொல்லி, புகார்ப் பதிவேட்டில் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குமேல் அந்தத் துறையில் யாரும் அதைப் பற்றி ஆச்சரியப்பட நேரம் செலவழிக்கவில்லை.

வடிவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவள் செய்த ஆராய்ச்சி முழுக்க முழுக்க வெயிலைப் பற்றியது. நகத்தளவு கண்ணாடித் துண்டில் ஒரு பூச்சைப் பூசி, அதன்மேல் விழுகிற நூறு பங்கு வெயிலில் எத்தனை பங்கு மின்சாரமாகிறது என்று அளக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்று லேப்பில் இருந்த செயற்கை வெயில் விளக்கு பழுதாகி இரண்டு வருடமாக மூலையில் இருந்ததால், திங்கள் முதல் சனி வரை உச்சி வேளையில் மொட்டை மாடியில் நின்று அளந்தாள், முகம் கறுத்தது, கண் சிவந்தது, அளவு மட்டும் பதினான்கை ஒட்டியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டவுன் பஸ் பிடித்து எங்கேயாவது போய்விடுவாள். ஒரு வாரம் குளம், ஒரு வாரம் பொத்தை என்கிற பாறைக் குன்று, ஒரு வாரம் ஆறு. போகாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஹாஸ்டலில் சொல்வாள், போய் வந்தால் மட்டும் என்ன வாழ்ந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். லேப்பில் இருக்கும்போது ஆற்றை நினைத்தாள், ஆற்றில் கால் நனைத்துக்கொண்டிருக்கும்போது பூச்சு காய்ந்திருக்குமா என்று நினைத்தாள். எங்கே இருந்தாலும் பாதி ஆள்தான் இருந்தாள், மீதிப் பாதி எப்போதும் பஸ்ஸில் இருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை உச்சி வேளையில், என்ன காரணமென்று கடைசி வரை விளங்காமல், அளவு பதினேழு புள்ளி இரண்டு வந்தது. பதினாறுக்குக் கீழே இருந்தால் வைவா வாய்மொழித் தேர்வில் நிற்க முடியாது என்று ஞானதுரை பலமுறை சொல்லியிருந்தார், மூன்று எக்ஸ்டென்ஷன் வாங்கியாயிற்று, நான்காவது கிடையாது, தீசிஸ் கொடுக்க ஐந்து வாரம்தான் இருந்தது. வடிவு அந்த அளவை நோட்டின் அறுபத்து மூன்றாம் பக்கத்தில் மேல்பாதியில் எழுதினாள். கீழ்ப்பாதி காலியாக இருந்தது. ஞானதுரையின் மாணவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: பக்கத்தில் காலி இடம் விடக்கூடாது, விட்டால் பின்னால் யாரோ எதையோ சேர்த்து எழுதியதாகச் சந்தேகம் வரும். ஆகவே வடிவு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மேலப்படுகைக்குப் போனாள், ஆற்றோரம் மருத மரத்தடியில் உட்கார்ந்தாள், கை சும்மா இருக்காமல் பையிலிருந்த வெப்பமானியை எடுத்துத் தரையில் வைத்தாள், பிறகு வழக்கமான கட்டங்களைப் போட்டு எழுதினாள். பொருள்: மருத மர நிழல். நேரம்: 11.40. வெப்பம்: 28. மாதிரி எண்: 1. குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தையும் அவள் காலியாக விடவில்லை. அதில் என்ன எழுதினாள் என்பது பிறகு வரும்.

மறுநாள் கையெழுத்து விழுந்தது, நிழல் வந்து சேர்ந்தது.

முதல் வாரத்தில் துறை நிழலுக்குப் பழகிக்கொண்டது. மதியம் ஒன்றரை மணிக்கு எல்லோரும் டிபன் பாக்ஸோடு வடிவைச் சுற்றி உட்கார்ந்தார்கள், தயிர்சாதமும் மாவடுவும் கைமாறின, வருடக்கணக்காகப் பேசாத இரண்டு பேராசிரியர்கள் ஒரே கிளையின் நிழலில் இடம் கிடைத்ததால் பேசிக்கொண்டார்கள். இரண்டாம் வாரத்தில் விலங்கியல் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஏனென்றால் அங்கே மரத்தில் வந்து உட்காருகிற பறவையின் நிழலும் இங்கே தரையில் உட்கார்ந்தது, அவர்கள் குனிந்து நின்று அலகை வைத்து மீன்கொத்தி என்றும் வாலை வைத்து வால்காக்கை என்றும் பேர் எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு தமிழ்த் துறை வந்தது. கூட்டம் தாங்காமல் துறைத்தலைவர், ஆய்வாளர் செல்வி செண்பகவடிவின் நிழலில் அமர விரும்புவோர் ஒன்றரை முதல் இரண்டேகால் வரை மட்டுமே அமரலாம் என்று சுற்றறிக்கை விட்டார். அவள் போகிற இடமெல்லாம் நிழலும் கூடவே போனதால் ஹாஸ்டலில் வார்டன் அவளை மேற்கு பார்த்த அறைக்கு மாற்றினாள், சாயங்கால வெயிலில் வெந்துகொண்டிருந்த அந்தப் பக்கத்துப் பெண்கள் வடிவின் கட்டிலை எங்கே போடுவதென்று சண்டை போட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் அவளை நடுவில் நிற்கச் சொன்னார், முன்னால் இருந்தவர்களுக்கும் பின்னால் இருந்தவர்களுக்கும் பாகுபாடு இருக்கக்கூடாதாம்.

ஞானதுரைதான் எல்லோரையும் மிஞ்சினார். மனிதர் வீட்டிலிருந்து துறைக்கும் துறையிலிருந்து வீட்டுக்கும் தவிர வேறெங்கும் கால் வைத்து இருபது வருடமாகியிருந்தது. அவர் தன் நாற்காலியை வடிவின் மேசைக்குப் பக்கத்தில் தூக்கி வந்து போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வெளிச்சப் பொட்டுகள் தன் பாதத்தின்மேல் ஊர்வதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போவார்.

வடிவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. மொட்டை மாடிக்குப் போனால் வெயில் அவளைவிட்டுப் பத்தடி தள்ளி நின்றது. கண்ணாடித் துண்டை வெயிலில் வைத்தால் ஒயர் எட்டவில்லை, ஒயர் எட்டுகிற இடத்தில் நிழல் இருந்தது. கூடப் படிக்கும் ரிஸ்வானா பாவப்பட்டு, "நான் அளந்து தாரேன்டி" என்றாள், ஆனால் இன்னொருத்தர் அளந்ததை இவள் நோட்டில் எழுத முடியாது. அளக்க வழியில்லாமல் அவள் மேசையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தால் காலடியில் ஆற்றங்கரை நிழல் அசைந்தது, மண்வாசனைகூட வருவது போலிருந்தது, இன்றைக்கு என்ன கிழமை என்று சந்தேகம் வந்து காலண்டரைப் பார்த்தாள், புதன் என்றிருந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தாள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, லேப்பிலேயே ஆறு வந்து இருக்கிறது, பிறகு ஏன் இப்படிக் காலண்டரைப் பார்க்கிறேன் என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

நிழல் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மேலப்படுகைக்குப் போனாள். மரம் அங்கேயே நின்றது. இலை இருந்தது, காற்றில் அசைந்தது, ஆனால் வெயில் அதன் வழியாக ஒன்றுமே இல்லாதது மாதிரி நேரே இறங்கித் தரையைச் சுட்டுக்கொண்டிருந்தது. மரத்தடியில் கூழ்ப்பானை வைத்து விற்கும் முப்பிடாதி, ஐம்பது வயதுக்காரி, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் அவள் புருஷன் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து நாலு வருடம். வீடு தகரக் கூரை, பகலில் உள்ளே கிடந்தால் வெந்துபோவார் என்பதால் காலையில் கட்டிலோடு தூக்கி வந்து மரத்தடியில் போட்டுவிட்டுச் சாயங்காலம் தூக்கிப் போவது அந்த வீட்டு வழக்கம். இப்போது அவர்மேல் ஒரு குடையைக் கட்டி வைத்திருந்தாள், குடைக்கு வெளியே இருந்த கால் இரண்டும் கொப்பளித்திருந்தன.

வடிவு நெருங்கியதும் நிழல் வந்து மரத்தடியில் சரியாகப் பொருந்தியது. படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார். முப்பிடாதி தலைத்துண்டை எடுத்து உதறினாள்.

"நீங்கதானா டீச்சரம்மா. அன்னைக்கு உக்காந்து எழுதிட்டுப் போனிய. எழுதிட்டுப் போறவிய வந்தா ஊருக்கு ஏதாச்சும் வரும்னுதான் நாங்க நெனப்போம். இருக்கிறதும் போகும்னு நெனைக்கல."

"எனக்குத் தெரியாதுக்கா. நான் எடுத்துட்டுப் போகணும்னு எழுதல."

"ஒங்களக் குத்தம் சொல்லல. கண்ணு முன்னாலதான் எந்திரிச்சுப் போச்சு. பஸ்ஸு ரூட்டுலயே போச்சே, நல்லபடியா போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சு" என்றாள் வடிவு.

நிழலை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்று அவள் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். மெல்ல நடந்தாள், ஓடினாள், கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள், முப்பிடாதி சொன்னதற்காக மரத்தைப் பார்த்து மன்னிப்புக்கூடக் கேட்டாள். அவள் நகர்ந்தால் நிழலும் நகர்ந்தது. அதனால் அன்று சாயங்காலம் வரை அவள் மரத்தடியிலேயே நின்றாள். செய்தி கேட்டு ஊர் வந்தது. ஆடுகள் வந்தன, பீடி சுற்றுகிற பெண்கள் இலை வைத்த சுளகுத் தட்டோடு வந்தார்கள், ரேஷன் கடைக்காரர் நாற்காலியோடு வந்தார். அடுத்த ஞாயிறும் வந்துவிடுங்கள், காலை எட்டு மணிக்கே வந்தால் நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள். போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். ஆற்றில் கால் நனைக்க முடியவில்லை, பத்தடி நகர்ந்தால் கட்டிலில் கிடப்பவர்மேல் வெயில் விழுந்தது. இப்படியாக வடிவின் வாரம் தலைகீழாகிவிட்டது: திங்கள் முதல் சனி வரை அவளைச் சுற்றி எல்லோரும் உல்லாசமாக இருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை அவள் வேலை பார்த்தாள். எது விடுமுறை, எது வேலை என்று யாராவது கேட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள்.

ரிஸ்வானாதான் லேப் நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். "எழுதினதும் பத்தாதுன்னு கையெழுத்தும் வாங்கியிருக்கியே. அப்புறம் அது டிபார்ட்மெண்ட் சொத்துல்லா" என்றாள். வடிவு கீழ்ப்பாதியை மட்டும் பேனாவால் அடித்துப் பார்த்தாள். தரையில் இலைகள் அசைந்தன, நிழல் போகவில்லை. கையெழுத்து பக்கத்துக்கு ஒன்றுதான், மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் சேர்த்துத்தான். ரத்து செய்வதென்றால் பக்கம் முழுவதையும் மூலைக்கு மூலை கோடிழுத்து, மாணவரும் கைடும் மறுபடியும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிச் செய்தால் பதினேழு புள்ளி இரண்டும் போய்விடும்.

அவள் தயங்கித் தயங்கி ஞானதுரையிடம் சொன்னாள். அவர் செருப்பில்லாத காலை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, புத்தி கித்தி கெட்டுப் போச்சா? ஒன்னோட ஆறு வருஷமே அந்த ஒரு நம்பர்தான். நான் அதக் கான்பரன்ஸுக்கு எழுதி அனுப்பிட்டேன்."

"திருப்பி அளக்கலாம்னு பாக்கேன் சார்."

"வந்தா சரி. வரலன்னா? நெழல் கெடந்துட்டுப் போகுது. யாருக்கு என்ன இடைஞ்சல்?"

யாருக்கு என்ன இடைஞ்சல் என்பதற்குப் பதில் வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு வந்தது. முப்பிடாதி ஒரு தூக்குச்சட்டியோடு மாடியேறி வந்து, டிபன் பாக்ஸ்களுக்கு நடுவில், வடக்குக் கிளையின் நிழல் விழுந்த இடத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தாள். பத்து வருடமாக அவள் உட்காருகிற இடம் அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவாள். தரையைத் தடவிப் பார்த்தாள். தூக்குச்சட்டியைத் திறந்து எல்லோருக்கும் கூழ் ஊற்றிக் கொடுத்தாள், ஞானதுரைக்கும் கொடுத்தாள், அவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

"நல்ல எடமா இருக்கு சார். காத்துக்கூட வருது" என்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ரெண்டு காலும் வெந்து போச்சு. அவரால ஒதுங்கிப் படுக்க ஏலாது. டீச்சரம்மா ஞாயித்துக்கெழம வாராவ, அன்னைக்கு ஒருநாள்தான் தூங்குதாரு. அவியளுக்கும் படிப்பு இருக்கு, தெனமும் வரச் சொல்ல முடியுமா. அதான் எடம் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

அவள் தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஞானதுரை அன்று தூங்கவில்லை, ஆனால் நாற்காலியை எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.

வடிவு மூன்று நாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தை ரத்து செய்தால் பட்டம் போகும், அப்பா எல்லோரிடமும் டாக்டர் என்றே சொல்லிக்கொண்டு திரிகிறார். ரத்து செய்யாவிட்டால் முப்பிடாதியின் புருஷன் வேகிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஒரு மனம் சொன்னது, அந்த மனத்தை இன்னொரு மனம் வாயை மூடச் சொன்னது. தான் இத்தனை கெட்டவளா என்று நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் நின்றபோது அந்த மனிதர் தூக்கத்தில் வாயோரம் எச்சில் வழிய, நிம்மதியாகக் குறட்டை விட்டார். அதைக் கேட்டுக்கொண்டே நின்றவள், திங்கட்கிழமை காலையில் அடிக்கோலை வைத்து அறுபத்து மூன்றாம் பக்கத்தில் மூலைக்கு மூலை கோடிழுத்தாள், ரத்து என்று எழுதினாள், தன் கையெழுத்தைப் போட்டாள். போட்டு, மற்ற மாணவர்களின் நோட்டுகளுக்கு நடுவில் செருகி ஞானதுரையின் முன்னால் வைத்தாள். ஆறு வருடமாகப் படிக்காதவர் இன்றைக்கா படிக்கப் போகிறார் என்பது அவள் கணக்கு.

அவள் மறந்தது ஒன்றுதான். அவர் இப்போது உட்கார்ந்திருந்தது நிழலில். வெளிச்சம் பற்றாமல் அவர் ஒவ்வொரு நோட்டையும் முகத்துக்கு அருகே தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது, அப்படிப் பிடித்ததால் எழுத்து கண்ணில் பட்டது, கண்ணில் பட்டதால் படித்தார்.

"மருத மர நிழல்" என்று வாய்விட்டுப் படித்தார். "பதினொண்ணு நாப்பது. இருபத்தெட்டு டிகிரி. மாதிரி எண் ஒண்ணு." நோட்டை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தார். "குறிப்பு: இதை விட்டுப் போக மனமில்லை."

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதுக்கா நான் கையெழுத்துப் போட்டேன்?"

"ஆமா சார்."

அவர் தன் காலைப் பார்த்தார். வெளிச்சப் பொட்டுகள் அதன்மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. பிறகு குனிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"கான்பரன்ஸ்காரனுக்கு நான் லெட்டர் எழுதிக்கிடுதேன்" என்றார். "நம்பர் தப்புன்னு இல்ல, நோட்டுல இல்லன்னு." பேனா மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார், அவர் தேதி போட்டு அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை.

நிழல் எழுந்தது. மேசையைவிட்டு இறங்கி, வராந்தாவைக் கடந்து, மாடிப்படிக்குப் போனது. கையில் காபியோடு ஏறி வந்த கோமதிநாயகம் ஒதுங்கி நின்று வழிவிட்டார். அறை சட்டென்று வெளுத்துப் போனது, எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள், ஞானதுரை தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

உச்சி வேளையில் வடிவு கண்ணாடித் துண்டோடு மொட்டை மாடியில் நின்றபோது போன் வந்தது. முப்பிடாதி.

"வந்துட்டும்மா. முக்கா மணி நேரம் ஆச்சு. இவரு ஒறங்குதாரு."

"நல்லதுக்கா."

"ஒண்ணு சொல்லணும், பயந்திராதிய. ஒங்க நெழலும் கூடவே வந்திருக்கு. பின்னல், கண்ணாடி எல்லாம் அப்படியே தெரியுது. மரத்து மூட்டுல சாஞ்சு உக்காந்திருக்கு. எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்குது. என்ன செய்யட்டும்?"

வடிவு கீழே பார்த்தாள். வெயிலில் மேசையின் நிழல் விழுந்திருந்தது, ஒயரின் நிழல் விழுந்திருந்தது, தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு ஓரமாகக் குறுகி விழுந்திருந்தது. அவள் நின்ற இடத்தில் தரை பளிச்சென்று இருந்தது. ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். மற்றக் காலையும் தூக்கிப் பார்த்தாள். சந்தோஷப்படுவதா, யாரிடமாவது புகார் கொடுப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"என்ன செய்யுதுக்கா அது?"

"ஒண்ணும் செய்யல. காலத் தண்ணிப் பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் வடிவு. "அது எழுதாம பாத்துக்கிடுங்க."

போனை வைத்துவிட்டு அளந்தாள். பதினான்கு புள்ளி ஒன்று. மறுபடியும் அளந்தாள், அதுவேதான். நோட்டில் அறுபத்து நான்காம் பக்கத்தைத் திறந்து பொருள், நேரம், வெப்பம், மாதிரி எண் எல்லாம் எழுதி, அளவையும் எழுதினாள். குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இங்கே நிற்பது தானா, அங்கே உட்கார்ந்திருப்பது தானா என்று அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. சட்டப்படி காலியாக விடக்கூடாது என்பதால் ஒரு சிறு கோடு மட்டும் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.